பழைய காரைச் செப்பனிடுவதா, வழியனுப்புவதா? சேலத்து அனுபவங்கள்

ஃபேர்லேண்ட்ஸ் வாசி:

"விற்றால் எழுபதாயிரம் தேறாத வண்டிக்கு இருபத்தைந்தாயிரம் செலவா?" என்று கேட்காத உறவினர் எங்கள் வீட்டில் இல்லை. இந்தக் கணக்கில்தான் எனக்குத் தகராறு. சந்தை விலை விற்கப்போகிறவனுக்கு வேண்டிய எண். ஓட்டுகிறவன் பார்க்க வேண்டியது, அந்தச் செலவு புதுக் காரின் எத்தனை மாதத் தவணைக்குச் சமம், அதற்குப் பின் வண்டி எவ்வளவு காலம் ஓடும் என்பதைத்தான்.

எங்களுடையது 2006-இல் வாங்கிய சான்ட்ரோ. சில ஆண்டுகளுக்கு முன் ஏற்காடு ஏறும்போது பாதி மலையில் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. குளிர்விக்கும் நீர் ஆயிலில் கலந்து, ஆயில் மோர் நிறத்துக்கு வந்துவிட்டது. ஐந்து ரோடு பக்கம் எங்களுக்குப் பழகிய மெக்கானிக் ஹெட்டைக் கழற்றி லேத்தில் ஃபேசிங் செய்து, அதாவது அடிப்பரப்பை மட்டமாகச் சீவி, டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் அதே கையோடு மாற்றினார். இன்ஜினைத் திறக்கிற கூலி ஒன்றுதான். உள்ளே கிடக்கும் பழைய பொருளை அப்படியே வைத்து மூடுவது சிக்கனம் ஆகாது என்பது அவர் கட்சி. செலவு இருபத்தைந்தாயிரத்தைத் தொட்டது. என் நண்பன் புதுக் காருக்குக் கட்டும் தவணையோடு ஒப்பிட்டால் மூன்று மாதப் பணம். அதன் பிறகு வண்டி ஆண்டுக்கணக்கில் ஓடியது. அந்தச் செலவில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அதே வண்டியை இந்த ஆண்டு விட்டுவிட்டோம். இத்தனைக்கும் இன்ஜின் நன்றாகவே இருந்தது.

டயர் மாற்ற ஜாக்கி வைத்தபோது கீழ்த்தகடு நறுக்கென்று உள்வாங்கியது. மெக்கானிக் வண்டியை மேலே தூக்கி, ஸ்குரு டிரைவரால் ஒவ்வோர் இடமாகத் தட்டிக்கொண்டே போனார். கதவுக்குக் கீழே தட்டியபோது டொக் டொக்கென்று கெட்டியான சத்தம் வந்தது. பின்சக்கர ஆக்ஸிலைத் தாங்கும் பகுதிக்கு வந்ததும் சத்தமே இல்லை, முனை உள்ளே இறங்கிவிட்டது. அவர் என் அப்பாவைப் பார்த்து, "ஐயா, இன்ஜினுக்கு நான் பொறுப்பு. இந்தத் தகட்டுக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது" என்றார். வேறொரு பட்டறையில் வெல்டிங் வைத்து, டிங்கரிங் முடித்து, பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். பார்க்க அழகாக இருந்திருக்கும். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இன்ஜினும் ரேடியேட்டரும் கிளட்சும்தான் பாடுபடுகின்றன, நின்றுபோனால் ஓரங்கட்டலாம். இறங்கும்போதோ ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் மொத்தப் பாரமும் பிரேக் மீதும் அடிப்பாகத்தின் மீதும் சாய்கிறது. அங்கே ஒட்டுப் போட்ட தகட்டை நம்பிக் குழந்தைகளைப் பின்சீட்டில் உட்கார வைக்க நான் தயாராக இல்லை.

காகிதச் செலவும் சேர்ந்துகொண்டது. 2021-இல் பதிவைப் புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் அது 5,000. இருபது ஆண்டைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டு முதல் 10,000. பசுமை வரியும் காப்பீடும் தனி. தகடு கெட்டியாக இருந்திருந்தால் இதையும் கட்டியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

சித்தப்பா மகன் ஓட்டிப் பழகக் கேட்டான். அவனுக்குக் கொடுத்துவிட அப்பாவுக்கு ஆசைதான். நான் மறுத்துவிட்டேன், சித்தி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பழைய இரும்புக்காரர் ஒருவர் கூடுதல் விலை சொன்னார், வண்டியை உடைத்ததற்குச் சான்று எதுவும் தரமாட்டாராம். கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று அரசுப் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்துக்கே கொடுத்து, சான்றிதழ் வாங்கி, ஆர்.சி.யை (பதிவுச் சான்றிதழை) ரத்து செய்தோம்.

ஏற்காடு, நாகலூர் சாலை:

மலைமேல் இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. என்னிடம் இருப்பது மாருதி ஆம்னி. மிளகு மூட்டை, காப்பி மூட்டை, கேஸ் சிலிண்டர், பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லாம் அதில்தான். ஆம்னி தயாரிப்பு 2019-இல் நின்றுவிட்டது. ஆனால் மாருதி 800-இல் இருந்த அதே 796 சிசி இன்ஜின் என்பதால் பொருள் கிடைக்காமல் நான் திண்டாடியதில்லை. காலையில் சேலம் பஸ்ஸில் ஆளை அனுப்பினால் மாலைக்குள் கிளட்ச் பிளேட் வந்துவிடும். என் பக்கத்துத் தோட்டக்காரர் வைத்திருந்த கார் என்னுடையதைவிட வயதில் சின்னது, ஓட்டமும் குறைவு. அதைச் செய்த நிறுவனம் இந்தியாவை விட்டே போய்விட்டது. ஒரு ஹெட்லைட்டுக்காகக் கோயம்புத்தூர் வரை அலைந்து, வெறுத்துப்போய் விற்றார். ஆகவே வண்டியின் வயதைக் கேட்பதற்கு முன் உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்.

துரு விஷயத்தில் மேலே சொன்னவர் பக்கம்தான் நானும். இங்கே மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வருவதால் அடிப்பாகம் காய்வதே அரிது. மழைக்காலம் முடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு அடியில் துருப் பிடிக்காமலிருக்க அண்டர்கோட்டிங் பூச்சு அடித்துவிடுவேன். இன்ஜின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் மலை ஏறும்போது உட்கார்ந்த இடம் சுடும். மார்கழிக் குளிரில் அதுவும் வசதிதான்.

சூரமங்கலம்:

விற்க முடிவு செய்தவர்களுக்கு ஒரு விஷயம். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டுக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நீங்கள் தெரிவித்தாக வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. என் மைத்துனரிடம் கார் வாங்கிய தரகர் பெயரை மாற்றாமல் இழுத்தடித்தார். பிறகு போனையும் எடுக்கவில்லை. ஃபாஸ்டேக்கை மைத்துனர் கண்ணாடியிலிருந்து எடுக்காமல் விட்டிருந்தார். ஒரு நாள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வைகுந்தம் சுங்கச்சாவடியில் அவர் கணக்கிலிருந்து பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. வண்டி ஈரோடு பக்கம் ஓடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.