புதுப்பிப்பு: ஒளிரும் வயர்லெஸ் கீபோர்டு வாங்கியாச்சு

டெஸ்க்டாப்புக்கு, இருட்டிலும் எழுத்து தெரிகிற வயர்லெஸ் கீபோர்டு எது எடுக்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். புளூடூத் மட்டும் உள்ளது வேண்டாம், யூஎஸ்பியில் செருகும் குட்டி ரிசீவரோடு வருவதை வாங்கு என்றீர்கள். கேட்டது நல்லதாயிற்று. என் கணினியில் புளூடூத்தே கிடையாது. கணினி தொடங்கும்போதே வரும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் போகவும் ரிசீவர்தான் கைகொடுத்தது.

ஆனால் முதல் நாலு நாள் ஒரே எரிச்சல். ஓர் எழுத்து விழாது, இன்னொன்று மூன்று முறை விழும். திருப்பிக் கொடுக்கப் பெட்டியைக்கூட எடுத்துவிட்டேன். பார்த்தால், கேபினட்டின் பின்னால் யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கை ஒட்டி ரிசீவரைச் செருகியிருக்கிறேன்! யூஎஸ்பி 3.0 கிளப்பும் ரேடியோ இரைச்சல், ரிசீவர் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழும். நீட்டிப்பு கேபிள் போட்டு மேசைமேல் கொண்டுவந்தேன். அப்புறம் ஓர் எழுத்துகூடத் தவறவில்லை.

விளக்கு? கையெடுத்த சில நொடியில் அணைந்துவிடுகிறது. பேட்டரிக்காகத்தான், சரி. இருட்டில் முதல் விசையை எஃப், ஜே மேடுகளைத் தடவித்தான் பிடிக்கிறேன். தமிழ் ஸ்டிக்கர் ஒட்டினேன், வெளிச்சம் மொத்தமும் மறைந்தது. உரித்துவிட்டேன்.