அம்மாவின் குளியலறை வேலை 3 இடத்துக்கு நடுவில் நிற்கிறது. யாரைப் பிடிப்பது?

லண்டன் ஈஸ்ட்ஹாம் மகன் எழுதியது:

அம்மாவுக்கு 76 வயது. போன நவம்பரில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. லாபநோக்கில்லாமல் வீடு வாடகைக்குக் கொடுக்கும் ஹவுசிங் அசோசியேஷனின் வீடு, குளியலறை மேல்மாடியில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் முன்னறையில் கட்டில், பக்கத்தில் கொமோட். கேரர் காலையில் குசினியிலிருந்து பேசினில் சுடுதண்ணீர் கொண்டுவந்து துடைத்துவிடுகிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் தலைமுழுகின மனுஷி, எட்டு மாதமாகக் குளிக்கவில்லை.

ஜனவரியில் கவுன்சிலிலிருந்து ஒக்குபேஷனல் தெரபிஸ்ட் (வீட்டில் என்ன மாற்றம் தேவை என்று மதிப்பிடுபவர்) வந்தார். நல்ல பிள்ளை, முக்கால் மணி நேரம் நின்று எல்லாம் அளந்தார். கீழே இருக்கும் சின்னக் கழிப்பறையோடு பக்கத்து ஸ்டோரையும் சேர்த்தால் படியில்லாத ஷவர் போடலாம் என்றார். அதோடு சரி. கவுன்சிலின் சோஷியல் கேர் (பராமரிப்பு) பிரிவில் கேட்டால், ரிப்போர்ட்டை வீட்டு மாற்றத்துக்குப் பணம் கொடுக்கும் கிராண்ட் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்களாம். கிராண்ட் பிரிவு, வீட்டுக்காரரான அசோசியேஷனின் சம்மதம் வரட்டும் என்கிறது. அசோசியேஷனுக்கு எடுத்தால், எங்களுக்கு ஒருவரும் எழுதவில்லை என்கிறார்கள். முதல் இரண்டும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன.

மே மாதம் ஒருவர் வந்து படிக்கட்டில் கைபிடி பூட்டிவிட்டுப் போனார். ஏறும்போது வலது பக்கம். அம்மாவுக்கு வேலை செய்யாத கை அது. ரிப்போர்ட்டில் இடது என்று இருக்கிறது, அவர் கையில் இருந்த வேலைச்சீட்டில் பக்கமே போடவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. யாரோடு கதைப்பது?

ரூட்டிங் அக்கா:

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். கிராண்ட் விண்ணப்பப் படிவத்தில் அம்மா கையெழுத்து வைத்தாரா? தெரபிஸ்டின் ரிப்போர்ட் போவது விண்ணப்பம் ஆகாது. 1996ஆம் ஆண்டு வீட்டு கிராண்ட் சட்டப்படி, முழு விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கவுன்சில் முடிவு சொல்லவேண்டும். படிவம், வீட்டுக்காரரின் சான்றிதழ், வேலைக்கான விலைமதிப்பு எல்லாம் போனால்தான் அந்த நாள்கணக்கு தொடங்கும். எங்கள் மாமிக்கு 9 மாதம் காத்திருந்த பிறகுதான் இது தெரிந்தது. அவ்வளவு காலமும் எங்கள் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை.

டிஸேபிள்ட் ஃபெசிலிட்டீஸ் கிராண்ட் (உடல் இயலாதவர்களின் வீட்டை மாற்றக் கொடுக்கும் பணம்) என்று பெயர் சொல்லியே கேளுங்கள். இங்கிலாந்தில் 30,000 பவுண்ட் வரை உண்டு. பெரியவர்களுக்கு வருமானம் பார்ப்பார்கள், ஆனால் பென்ஷன் கிரெடிட்டில் (வருமானம் குறைந்த முதியோருக்கான அரச உதவிப்பணம்) கியாரண்டி பகுதி எடுப்பவர் கைக்காசு போடத் தேவையில்லை. அசோசியேஷன் சம்மதத்தை நீங்களே எழுத்தில் கேளுங்கள், கவுன்சில் கேட்கும் என்று இருக்கவேண்டாம்.

முன்னாள் ஊழியர்:

நான் வேறொரு கவுன்சிலின் வீட்டுப் பிரிவில் ஏழு வருடம் வேலை செய்தேன். தெரபிஸ்டின் கணினியும் எங்கள் கணினியும் ஒன்றோடொன்று பேசாது. அவர் ரிப்போர்ட்டை அனுப்பியதும் அங்கே கோப்பு மூடப்படும். எங்கள் பக்கம் ஒருவர் அதைப் பார்த்து மறுபடி தட்டி ஏற்றவேண்டும், இடது வலது தொலைவது அங்கேதான். ஒரு வீட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்க்கும் ஆள் என்று ஒருவரும் இல்லை. லண்டனுக்கு வெளியே பல இடங்களில் இன்னும் மோசம்: பராமரிப்பு கவுண்டி கவுன்சிலிடம், வீட்டு கிராண்ட் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலிடம்.

தெரபிஸ்ட் செய்த மதிப்பீட்டின் எழுத்துப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். 2014 கேர் சட்டப்படி அது அம்மாவுக்குக் கொடுக்கப்படவேண்டியது. மூன்று இடத்துக்கும் ஒரே மின்னஞ்சலில் அதை இணைத்து அனுப்புங்கள், ஒருவர் எழுதுவதை மற்றவரும் பார்க்கட்டும். கைபிடியை ஒரு சதமும் இல்லாமல் மாற்றித் தரவேண்டும், 1,000 பவுண்டுக்கு உட்பட்ட சின்ன மாற்றங்களுக்குக் கட்டணம் இல்லை.

அசையாவிட்டால் முறைப்பாடு போடுங்கள். இறுதிப் பதிலும் சரியில்லை என்றால், கவுன்சில் பற்றி லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஒம்புட்ஸ்மனிடமும், அசோசியேஷன் பற்றி ஹவுசிங் ஒம்புட்ஸ்மனிடமும் போகவேண்டும். ஒம்புட்ஸ்மன் என்றால் முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிப்பவர். இரண்டும் இலவசம்.

ஈஸ்ட்ஹாம் மகன்:

அக்கா, இன்று காலை எடுத்துக் கேட்டேன். படிவம் எங்களுக்கு அனுப்பப்படவே இல்லை. ஜனவரியிலிருந்து! பின்னேரம் மின்னஞ்சலில் வந்தது. அம்மா இடது கையால் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டிருக்கிறார், நாளை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்குகிறேன். மூன்று பேருக்குமான மின்னஞ்சல் இப்போதுதான் போனது.