பதில் மேலே, கேள்வி கீழே: சர்வர் மாற்றியதிலிருந்து பதிவு வரிசை குழம்புகிறது, உதவுங்கள்

மஞ்சநாரை | சனி, இரவு 9:40

எங்கள் கல்லூரி 2004 பேட்ச்சுக்கென்று ஒரு சின்னப் பேச்சுப் பலகை இருக்கிறது. வகுப்புத் தோழன் ஒருவன் 2011இல் பிஎச்பி என்ற நிரல் மொழியும் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸும் வைத்து எழுதியது. அவன் இப்போது சாஃப்ட்வேரை விட்டுவிட்டு ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறான். ஃபோன் போட்டால் "அதெல்லாம் மறந்துபோச்சு தாயி" என்கிறான். நான் டெஸ்டிங்கில் இருப்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

போன வாரம் பழைய சர்வரிலிருந்து புது விபிஎஸ்ஸுக்கு (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) மாற்றினேன். மைஎஸ்க்யூஎல் 5.5 போய் 8.0 வந்தது. கூடவே மூன்று தொல்லை வந்தன.

புதன்கிழமை மாலை 7:12க்கு ஒருத்தி "25ஆம் தேதி சாப்பாட்டுக்கு எத்தனை பேர்?" என்று கேட்டாள். இரண்டே நிமிஷத்தில் "நாங்க நாலு பேர், ரெண்டு சைவம்" என்று பதில் வந்தது. அந்தப் பதில் மதியம் 1:44 என்று காட்டிக்கொண்டு கேள்விக்கு மேலே போய் உட்கார்ந்திருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு யாரோ ஜோசியம் சொன்ன மாதிரி இருக்கிறது.

பழைய பதிவுகளில் 3ஆம் பக்கத்தில் படித்ததே 4ஆம் பக்கத்திலும் வருகிறது. சில பதிவுகள் எந்தப் பக்கத்திலும் இல்லை, தேடினால் மட்டும் கிடைக்கின்றன. இதெல்லாம் போதாதென்று, ஒரே ஒரு பதிவு அடுத்த மாதத் தேதியோடு, புதியது முதலில் வரும் முகப்புப் பட்டியலின் உச்சியில் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

கேஷ் அழித்தேன், சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரே பிழைதான் மூன்று வேஷம் போடுகிறதா?

வெட்டிஆபீசர் | சனி, இரவு 9:52

நேரத்தை விட்டுட்டு ஐடி (பதிவு சேரச் சேர ஏறுற எண்) வரிசையில அடுக்கிடுங்க மேடம். வேலை முடிஞ்சது.

உப்பளத்தான் | சனி, இரவு 10:15

முதல் தொல்லைக்கு விடையை நீங்களே எழுதிட்டீங்க. பதில் வந்தது 7:14, காட்டுறது 1:44. கழிச்சுப் பாருங்க, அச்சா அஞ்சரை மணி நேரம். அஞ்சரைன்னு வித்தியாசம் வந்தா வேற எங்கேயும் தேட வேண்டாம், யூடிசிக்கும் (உலகப் பொது நேரம், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னால) இந்திய நேரத்துக்கும் உள்ள தகராறுதான். இப்போதைய நேரத்தை எடுக்க, கேள்வியைச் சேர்க்கிற இடத்துல பிஎச்பியோட டேட் கட்டளை, பதிலைச் சேர்க்கிற இடத்துல மைஎஸ்க்யூஎல்லோட நவ் கட்டளை. பந்தயம் கட்டுறேன். பழைய சர்வர் இந்திய நேரத்துல ஓடியிருக்கும், ரெண்டும் ஒத்துப்போயிருக்கும். புது விபிஎஸ் யூடிசியில வந்திருக்கு. பிஎச்பி மட்டும் இந்திய நேரத்துலயே நிக்குது, மைஎஸ்க்யூஎல் சர்வர் நேரத்தை எடுத்துக்குது.

அந்தப் பழைய பதிவுகளெல்லாம் எப்படி உள்ளே வந்தது? அதையும் சொல்லுங்க.

மஞ்சநாரை | சனி, இரவு 10:48

பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள் அண்ணா. நீங்கள் சொன்ன அதே இரண்டு இடம்.

பழைய பதிவுகள் எங்கள் யாகூ குரூப் மடல்கள். 2019 கடைசியில் யாகூ எல்லாவற்றையும் அழிக்கப்போவதாகச் சொன்னதும் அவசர அவசரமாக இறக்கிப் பலகையில் ஏற்றினோம். இப்போது அட்டவணையைத் திறந்து பார்த்தால் அத்தனைக்கும் ஒரே நேரம், ஏற்றிய அன்றைய நேரம். வினாடிகூட மாறவில்லை.

உப்பளத்தான் | சனி, இரவு 11:20

அதுதான் ரெண்டாவது தொல்லை. ஆர்டர் பையில (எதை வெச்சு அடுக்கணும்னு சொல்ற வரி) நேரம் மட்டும் இருக்கு, எல்லாத்துக்கும் அதே நேரம்னா எது முன்னாடி எது பின்னாடின்னு மைஎஸ்க்யூஎல் உங்களுக்கு வாக்குக் கொடுக்கல. மேனுவல்லயே அப்படித்தான் போட்டிருக்கான். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியா கொயரி (டேட்டாபேஸுக்குக் கேள்வி) போகுது, ஒவ்வொரு தடவையும் சீட்டைக் கலைச்சுப் போட்டா ஒரே சீட்டு ரெண்டு பேர் கையில வரும், இன்னொண்ணு யார் கைக்குமே வராது. 5.6லேர்ந்து லிமிட் (இத்தனை வரி போதும்ங்கிற கட்டளை) இருந்தா மொத்தத்தையும் அடுக்காம வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கிற முறை வந்துச்சு. 5.5ல நல்லா இருந்ததுன்னா அது தற்செயல்.

செய்ய வேண்டியது: ஆர்டர் பையில நேரத்துக்குப் பின்னால ஒரு கமா போட்டு ஐடியையும் சேருங்க. வெட்டிஆபீசர் சொல்ற மாதிரி ஐடி மட்டும் வைக்காதீங்க. 2019ல ஏத்தின மடலுக்கெல்லாம் 2019ஓட ஐடிதான் இருக்கும். நாளைக்கு அசல் தேதி கிடைச்சாலும் வரிசை மாறாது.

முதல் தொல்லைக்கு, டேட்டாபேஸ் இணைப்பு திறந்த கையோட செஷன் டைம் சோனை (அந்த இணைப்புக்கான நேர மண்டலம்) +05:30ன்னு வெச்சிருங்க. ஏசியா/கொல்கத்தான்னு பேர் கொடுத்தா நேர மண்டல அட்டவணையை ஏத்தியிருக்கணும், இல்லேன்னா எரர் அடிக்கும். இந்த ஒரு வாரப் பதில்களுக்கு மட்டும் 5 மணி 30 நிமிஷம் கூட்டுங்க. பேக்கப் எடுத்துட்டு, ஒரே தடவை.

பனங்கிழங்கு | ஞாயிறு, காலை 6:05

அக்கா, அண்ணை சொன்னது இப்போதைக்குச் சரி. ஆனா உங்கட ஆக்கள் வெளிநாட்டிலயும் இருப்பினம்தானே? நான் டொராண்டோவில இருக்கிறன். இங்க நவம்பர் முதல் ஞாயிறு விடிய 2 மணிக்கு மணிக்கூட்டைத் திரும்ப 1 ஆக்குவினம். 1:20 எண்ட நேரம் அண்டைக்கு ரெண்டு தரம் வரும். இங்கத்தை நேரத்தில சேமிச்ச ஒரு தளத்தில ஒருக்கா 1:50க்குப் போட்ட கேள்விக்கு 1:05க்குப் பதில் விழுந்தது, ரெண்டு நேரமும் பிழையில்லை! ஆறுதலா எல்லாத்தையும் யூடிசிக்கு மாத்துங்கோ. காட்டேக்க மட்டும் அவரவர் ஊர் நேரத்துக்குத் திருப்புங்கோ.

மைஎஸ்க்யூஎல்லில நேரத்தைச் சேமிக்க ரெண்டு வகை இருக்கு. டைம்ஸ்டாம்ப் வகை எண்டா 2038 ஜனவரி 19ஓட முடிஞ்சுபோம். டேட்டைம் வகையாவே இருக்கட்டும்.

உச்சியில நிக்கிற பதிவு ஃபோனில இருந்து வந்ததோ? அப்பிடியெண்டா நேரத்தைச் சர்வர் எடுக்குதோ, ஃபோன் அனுப்புதோ எண்டு பாருங்கோ.

மஞ்சநாரை | ஞாயிறு, மதியம் 1:30

"ஒரே தடவை" என்று அண்ணா சொன்னதைப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஸ்க்ரீன் உறைந்த மாதிரி இருந்ததால் மறுபடி என்டர் தட்டிவிட்டேன். பதினோரு மணி நேரம் கூடிவிட்டது, சாப்பாட்டுக்கு வந்த பதில்கள் நள்ளிரவு தாண்டிப் போய்விட்டன. பேக்கப் காப்பாற்றியது.

இப்போது கேள்வி மேலே, பதில் கீழே. பக்கங்களிலும் எதுவும் இரட்டிப்பதில்லை, காணாமலும் போவதில்லை.

தம்பி சொன்னதும் சரி. மொபைல் பக்கத்தில் ஃபோன் காட்டும் நேரத்தையே ஃபாரத்தில் ஒளித்து அனுப்பியிருக்கிறான் எங்கள் ஆட்டுப் பண்ணைக்காரன். உச்சியில் நின்ற பதிவின் சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். கேமில் லைஃப் தீர்ந்துவிட்டதாம், காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஃபோன் தேதியை ஒரு மாதம் தள்ளி வைத்தாராம், திருப்ப மறந்துவிட்டாராம். அந்த வரியைத் தூக்கிவிட்டுச் சர்வர் நேரமே போட்டேன். யூடிசி மாற்றத்தை 25ஆம் தேதி கழித்துச் செய்கிறேன்.

பழைய லேப்டாப்பில் யாகூ மடல்களின் அசல் கோப்பு கிடைத்தது. ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும் தேதி +0530, -0400 என்று மண்டலத்தோடு இருக்கிறது. அதையே ஏற்றுகிறேன். ஒரு மடல் மட்டும் 1 ஜனவரி 2002 என்கிறது, குரூப்பே தொடங்காத காலம். ஏதோ பிரவுசிங் சென்டரில் பேட்டரி செத்த கம்ப்யூட்டராக இருக்கும். அதை எங்கே வைப்பது?

உப்பளத்தான் | ஞாயிறு, மாலை 4:10

மடல் தேதி அனுப்பினவங்க கடிகாரம்தான், அதை முழுசா நம்பாதீங்க. அதே தலைப்பகுதியில இன்-ரிப்ளை-டூன்னு ஒரு வரி இருக்கும், எந்த மடலுக்குப் பதில்னு அதோட அடையாளம். பதில் எப்படியும் கேள்விக்குப் பின்னாலதானே எழுதியிருக்க முடியும். தாய் மடலோட நேரத்துக்கு ஒரு வினாடி கூட்டிப் போட்டுடுங்க.

மஞ்சநாரை | ஞாயிறு, இரவு 8:25

இருந்தது. 2005 தீபாவளி வாழ்த்துக்குக் கீழே போய்ச் சேர்ந்துவிட்டது. "உனக்கும்" என்ற ஒரு வார்த்தை மடல் அது!

வெட்டிஆபீசர் | ஞாயிறு, இரவு 8:31

ஐடி யோசனையை வாபஸ் வாங்கிக்கிறேன். அந்த கேம்காரர் இப்ப எந்த லெவல்ல இருக்காராம்?