பூனையும் நாயும் மழையா எப்பிடிலே பெய்யும்?

வேப்பமூட்டான்:
மக்கா ஒரு டவுட்டு. பிளஸ் ஒன் படிக்கிற எனக்க மவ ரெண்டு நாளா கொடைஞ்சு எடுக்கா. நேத்து நாகர்கோவில்ல அடிச்ச மழைய பாத்துட்டு 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'னா, அதென்னட்டி பூனை நாய்னு கேட்டேன், டியூஷன் சார் சொன்னாராம், அந்தக்காலத்துல சீமையில புல்லுக்கூரை மேல நாயும் பூனையும் படுத்துக் கெடக்கும், மழை பெஞ்சா வழுக்கி விழும், அதாம்னு. நானும் ஓலைக்கூரை வீட்டுல வளந்தவன்தான். பூனை ஏறும், சரி. நாய் எப்ப ஏறிச்சு? இன்னொண்ணு, குடிச்சு தள்ளாடுகவன 'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்'ங்கான். மூணு பெட்ஷீட்டுக்கும் குடிக்கும் என்ன சம்பந்தம்?

தக்கலை டீச்சர்:
கூரைக் கதை சுத்த பொய். 1999ல ஈமெயில்ல ஃபார்வர்டா சுத்துன சரக்கு, இப்ப வாட்ஸ்அப்ல வருதே அந்த ஜாதி. ஆனா சொலவடை பழசு. 1651லயே ஹென்றி வான்னு ஒரு கவிஞர் நாயும் பூனையும் மழையா கொட்டுகதா எழுதிட்டாரு. ஜோனதன் ஸ்விஃப்ட் 1710ல லண்டன் மழைய பத்தி எழுதுன கவிதையில செத்த பூனையெல்லாம் வெள்ளத்துல மிதந்து வரும், அதுல இருந்துதான் வந்துதுன்னும் சிலபேரு சொல்லுவாங்க, வருசத்த பாருங்க, கணக்கு ஒத்துவராது. நாமளும் பேய்மழைன்னு சொல்லுகோம், எந்தப் பேயின்னு யாராவது கேக்கோமா?

குளச்சல் கச்சான்:
அண்ணே ஷீட்டுன்னா துணி இல்ல, கயிறு. பாய்க்க கீழ்மூலையில கட்டி காத்துக்கு தக்க இழுத்தும் விட்டும் புடிக்கிற கயிறுக்கு கப்பல்காரன் வச்ச பேரு அது. அப்பிடி மூணு கயிறு அவுந்து போச்சுன்னா பாய் படபடன்னு அடிக்கும், கப்பல் சொன்ன பேச்சு கேக்காம அங்கயும் இங்கயும் ஆடும், கடை பூட்டுக நேரத்துல ரோட்டுல வாறவன் மாதிரி. எஞ்சின் வாறதுக்கு முந்தி பாய் கட்டி மரத்துல போன எங்க தாத்தாட்ட இத சொல்லியிருந்தா விளக்கமே வேண்டாம், சிரிச்சிருப்பாரு.
'டேக்கன் அபேக்'கும் இதே ஜாதிதான். காத்து திடீர்னு முன்னால இருந்து அடிச்சா பாய் பின்னால போய் பாய்மரத்தோட ஒட்டிக்கிடும், ஓடுன கப்பல் அப்பிடியே நின்னு போவும். மனுசன் திகைச்சு நிக்கதுக்கு அத சொல்லிட்டான். 'பை அண்ட் லார்ஜ்' இருக்குல்லா, அதுல 'பை'ன்னா எதிர்காத்துக்கு எவ்வளவு ஒட்டி போவ முடியுமோ அப்பிடி போறது, 'லார்ஜ்'னா காத்து பின்னால இருந்து தள்ள போறது. ரெண்டுலயும் நல்லா ஓடுக கப்பல்னா மொத்தத்துல கொள்ளாம்னு அர்த்தம். கரையில இருக்கவன் அகராதிய பொரட்டுனா எங்க கிட்டும்? கட்டுமரம்ங்க வார்த்தையே இங்க இருந்து போனதுதான, 1697லயே டாம்பியர்னு ஒரு கடலோடி அத எழுதி வச்சிருக்கான்.

வேப்பமூட்டான்:
அடேங்கப்பா, இது டியூஷன விட கொள்ளாமே. ஆனா இப்ப 'ரெட் ஹெரிங்'னா என்னன்னு அடுத்தத கேக்கா.

தக்கலை டீச்சர்:
கருவாடுதான். ஹெரிங்குன்னு ஒரு மீன், உப்பு போட்டு பொகையில வாட்டுனா செவந்து நாறும். சின்னதுல அத தரையில இழுத்து மோப்ப நாய்கள மொயலுக்க தடத்துல இருந்து வேற பக்கம் திருப்பி விட்டேன்னு வில்லியம் காபெட் 1807ல தன் பத்திரிகையில ஒரு கதை எழுதுனாரு. நெப்போலியன் தோத்துட்டான்னு வந்த பொய் நியூஸ நம்பி ஏமாந்த பத்திரிகைகாரன கிண்டல் பண்ணத்தான் அந்த கதை. விசயத்த விட்டு ஆள வேற பக்கம் திருப்பி விடுக எதுக்கும் 'ரெட் ஹெரிங்'னு சொல்லுவாங்க.

குளச்சல் கச்சான்:
அப்போ டியூஷன் சாருக்க கூரைக் கதையும் ஒரு கருவாடுதான் டீச்சர் 😄