மலாய் தீபகற்பம்: மேற்குக்கரையும் கிழக்குக்கரையும் ஏன் இவ்ளோ வேற வேற?

தேடல்வாசகி:
ராஜேந்திர சோழன் கடாரம் (இப்போ மலேசியாவுல இருக்க கெடா) போனதைப் படிக்க ஆரம்பிச்சு அப்படியே மலாய் தீபகற்பத்து மேப்புல மாட்டிக்கிட்டேன். ஒல்லியா நீளமா ஒரு நிலம், அதுல மலாய்க்காரங்க, சீனர், தமிழர், சயாமியர் (தாய்லாந்துக்காரங்க), மலாக்கால போர்ச்சுகீசிய வம்சாவளி, காட்டுக்குள்ள ஓராங் அஸ்லிங்கற பழங்குடிங்கன்னு இத்தனை பேர். ஆனா மேற்குக்கரைல பினாங்கு, ஈப்போ, கிள்ளான் பக்கம் எங்க பாத்தாலும் தமிழ் கேக்குது, கிழக்குக்கரைல கிளந்தான், திரங்கானு பக்கம் நம்மாளுங்க ரொம்ப கம்மி. நடுவுல இருக்க மலைதான் காரணமா? தெரிஞ்சவங்க விரிவா சொல்லுங்க.

பேராக்காரன்:
மலை ஒரு காரணம்தான். தித்திவங்சா மலைத்தொடர் தாய்லாந்து எல்லைல இருந்து சுமார் 480 கிமீ தெற்க ஓடுது. ஆனா அதைவிட முக்கியம் அந்த மலைக்கு மேற்க இருந்த ஈயம். பேராக் மாநிலத்துல லாருட், கிந்தா பள்ளத்தாக்குல ஈயம் கெடச்சதும் சீனத் தொழிலாளிங்க கூட்டமா வந்தாங்க, அந்த ஈயத்தை துறைமுகத்துக்கு கொண்டு போகத்தான் 1885ல தைப்பிங்ல இருந்து முதல் ரயிலே போட்டாங்க. அப்புறம் ரப்பர் வந்தப்போ ரோடும் ரயிலும் எங்க இருந்துச்சோ அங்கதான் தோட்டம் போட்டாங்க, கங்காணி (தோட்டத்து ஆள்கட்டு மேஸ்திரி) தமிழ்நாட்டு ஊருக்குப் போயி ஆள் கூட்டிட்டு வந்ததும் அந்த தோட்டங்களுக்குத்தான். கிழக்குக்கரை ரயில் முழுசா முடிஞ்சதே 1931ல, அடுத்து 1938ல இந்திய அரசு தோட்டத்துக்கு ஆள் அனுப்புறதையே நிறுத்திடுச்சு. அந்தப் பக்கம் நம்மாளுங்க பெருசா குடியேற வாய்ப்பு இல்லாம போச்சு. இன்னொண்ணு, நவம்பர்ல இருந்து கிழக்குக்கரைல பருவமழை அடிச்சு ஊத்தும், அப்போ கடலுக்கே போக முடியாது.

நாகைக்கடலோடி:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா அது கடைசி நூத்தம்பது வருஷக் கதை. நம்ம மக்கள் அங்க போனதே தோட்டத்துக்குத்தான்னு நிறைய பேர் நெனச்சுக்கிட்டு இருக்காங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம். தாய்லாந்துல தகுவா பா பக்கம் 9ஆம் நூற்றாண்டு தமிழ்க் கல்வெட்டே இருக்கு, அவனிநாரணம்னு ஒரு குளம் வெட்டி அதை மணிக்கிராமத்தார்ங்கற வணிகர் குழுவோட காவல்ல விட்டதை சொல்லுது. குளம் வெட்டுறவன் நாளைக்கே கெளம்பிப் போற ஆள் இல்லையே.

எல்லாம் காத்து பண்ண வேலைங்க. தென்மேற்குக் காத்துல நம்ம கப்பல் கெழக்க போகும், சீனக் கப்பல் வடகிழக்குக் காத்துல தெற்க வரும், நம்மாளு திரும்பறதுக்கும் அதே வடகிழக்குக் காத்து வரணும். அது வரைக்கும் மாசக்கணக்கா அங்கயே கெடக்கணும், கல்யாணம் காட்சி எல்லாம் அங்கயே நடக்கும். கெடால குனுங் ஜெராய் மலை 1,200 மீட்டருக்கு மேல, கடல்ல தூரத்துல இருந்தே தெரியும், அதோட அடிவாரத்துலதான் பழைய கோயில் இடிபாடு எல்லாம் கெடச்ச பூஜாங் பள்ளத்தாக்கு. அங்க இருக்க புக்கிட் பத்து பகாட் கோயிலை நல்லா கவனிங்க, அடித்தளம் கருங்கல்லு, ஆனா கல் தூணே கெடையாது, மரத்தூண் நிறுத்துன பீடக்கல்லு மட்டும் வரிசையா இருக்கு. தெய்வம் நம்மூர்ல இருந்து போயிருக்கு, கட்டுமானம் அந்த ஊரு மழைக்கும் மரத்துக்கும் ஏத்த மாதிரி மாறியிருக்கு.

மலாக்கா செட்டிகளும் (அந்தக் காலத்துல வியாபாரத்துக்குப் போயி அங்கயே கல்யாணம் பண்ணித் தங்குன தமிழர் வம்சம்) அப்படித்தான். வீட்டுல பேசறது மலாய், பொம்பளைங்க உடுத்துறது மலாய் உடுப்பான சாரோங் கெபாயா, ஆனா வாசல்ல மாவிலை தொங்கும், போகிக்கு முன்னோருக்கு வாழை இலைல படைப்பாங்க.

தேடல்வாசகி:
ரெண்டு பேருக்கும் நன்றி! அப்போ கிளந்தானுக்கு வடக்க இருக்க பட்டாணிங்கற பகுதி தாய்லாந்துல இருக்கு, ஆனா அங்க மலாய் பேசறாங்களே, அது எப்படி?

பேராக்காரன்:
1909ல பிரிட்டிஷும் சயாமும் (அப்போ தாய்லாந்தோட பேரு) போட்ட ஒப்பந்தம்தான். கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நாலும் பிரிட்டிஷ் பக்கம் வந்துச்சு, பட்டாணி சயாம்கிட்டயே நின்னுடுச்சு. பட்டாணிக்காரங்க பேசற மலாயும் கிளந்தான் மலாயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், சொந்தக்காரங்களே ரெண்டு பக்கமும் இருக்காங்க. கிளந்தான்ல தும்பாட் பக்கம் போனீங்கன்னா சயாமிய கிராமங்களும் பெரிய பெரிய புத்த விகாரையும் பாக்கலாம், அவங்க அந்தக் கோடு போடறதுக்கு முன்னாடியே அங்க இருந்தவங்க.