புதுப்பிப்பு: திருகோணமலைப் படங்களை விற்கும் முயற்சி

ஓய்வு நாளில் மட்டும் கமரா தூக்கும் ஒருவர் படம் விற்றுப் பணம் ஈட்ட முடியுமா, அதற்கு இணையப் படக் களஞ்சியங்கள் (நாம் ஏற்றும் படங்களை விற்று நமக்கொரு பங்கு தரும் தளங்கள்) ஏற்றவையா, உள்ளூரில் அச்சுப் பிரதிகள் விற்பது மேலா என்று முன்னர் கேட்டிருந்தேன். இரண்டையும் முயன்று பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

களஞ்சியங்களிலிருந்து பணம் வருகிறது, ஆனால் சில்லறையாகத்தான். அடோபி ஸ்டொக் படங்களுக்கு விற்பனைத் தொகையில் 33 சதவீதம் தருகிறது. ஷட்டர்ஸ்டொக்கோ விற்பனைக்கேற்ப 15 முதல் 40 சதவீதம் வரை உயர்த்திவிட்டு, ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று அனைவரையும் அடிமட்டத்துக்கே இறக்கிவிடுகிறது. எப்போதாவது படமேற்றுபவருக்கு இந்த ஏற்பாடு பாதகமானது என்பதே என் கணிப்பு. சூரிய உதயங்கள் அங்கே மலைபோல் குவிந்து கிடப்பதால் (கோணேசர் கோவில் இருக்கும் சுவாமி மலையில் நின்று எடுத்தாலும் கடல் கடல்தான்), இடத்தை அடையாளம் காட்டும் படங்களுக்கே ஓரளவு கேள்வி உண்டு: பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், கரைவலை இழுப்போர். ஆயினும் முகம் தெளிவாகத் தெரியும் படத்தை விளம்பரப் பயன்பாட்டுக்கு விற்க, படத்திலுள்ளவர் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவம் வேண்டும்; இல்லையெனில் செய்திப் பயன்பாட்டுக்கு மட்டுமே கொடுக்கலாம். வலை இழுத்துக் களைத்த பெரியவரிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்ட மனம் கூசியதால், நான் பின்னதோடு நிறுத்திக்கொண்டேன்.

அச்சுப் பிரதிகளில் கிடைத்தது அதிகம். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதி, சுற்றுலாப் பருவத்துக்கு முன் சுவரில் மாட்டவென்று பெரிய பிரதிகளை வாங்கியது. சட்டகச் செலவு போகவும் கையில் மிஞ்சியது. கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காத காகிதம் எதுவென்று அறிந்தவர்கள் தெரிவித்தால், அடுத்த பிரதிகளை அதிலேயே எடுப்பேன்.