சிப்பிப்பாறை நாய் ஓட அல்சூர் பக்கம் இடம் இருக்கிறதா?

வணக்கம். பெங்களூரில் நாய் வளர்ப்பவர்களிடம் ஓர் உதவி. எங்கள் வீட்டில் ஒரு பக், ஒரு வயது தாண்டிய ஒரு சிப்பிப்பாறை. பக்குக்குக் காலையும் மாலையும் கொஞ்ச நேரம் மெதுவாக நடந்தாலே போதும். சப்பை மூக்கு, வெயில் ஏறினால் மூச்சிரைக்கும்.

சிப்பிப்பாறைக்குத்தான் வழி தெரியவில்லை. முயல் விரட்டிய இனம். லேப்ரடார் மாதிரி கயிற்றில் ஒரு மணி நேரம் நடத்தினால் அவளுக்குப் பத்தாது. நாலு பாய்ச்சலாவது கட்டில்லாமல் ஓட வேண்டும். ஓடிவிட்டால் நாளெல்லாம் சுருண்டு தூங்குவாள். ஓடாத நாளில் பிறாண்டிப் பிறாண்டிக் கதவின் அடியில் பெயின்ட்டே உரிந்துவிட்டது, பாவமாக இருக்கிறது. ஏரிக்கரையில் அவிழ்த்துவிடவும் பயம். பூனையைக் கண்டால் ரோடு, வண்டி எதுவும் பார்க்க மாட்டாள். கப்பன் பார்க் நாய்ப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்து மிரளுகிறாள்.

இந்திரா நகர், சி.வி. ராமன் நகர் பக்கம் விடிகாலையில் வேலி போட்ட மண் மைதானம் ஏதாவது கிடைக்குமா? வாடகை என்றாலும் சரி. அப்புறம், கன்னி, ராஜபாளையம் இன நாய்கள் வைத்திருப்பவர்கள் தினமும் எவ்வளவு நேரம் ஓட விடுகிறீர்கள்? மொட்டைமாடி சிமென்ட் தரையில் பந்து போட்டு ஓடவிட்டால் பாதம் தேயுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.